பிளாக்ஃபுட் பெண்களும் அவங்க சொல்ற கதைகளும்: அடிக்கடி வர்ற கேள்விகள்

நான் கால்கரில இருக்கேன். இங்கேர்ந்து கிழக்கால ஒரு மணி நேரம் வண்டி ஓட்டினா சிக்ஸிகா ரிசர்வ் (பழங்குடி மக்களுக்குன்னு ஒதுக்கின நெலம்) வந்துடும், தெக்கால ரெண்டு மணி நேரம் போனா கைனாய். பிளாக்ஃபுட் பெண்கள் ஒண்ணா உக்காந்து அவங்க பட்டதையும் ஜெயிச்சதையும் பேசிக்கிறதைப் பத்தி நான் ரெண்டு மூணு பேர்கிட்ட சொல்லப்போக, அதுலேர்ந்து ஆளாளுக்கு கேள்வி கேக்க ஆரம்பிச்சுட்டாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்லி அலுத்துப்போய் எல்லாத்தையும் இங்க மொத்தமா எழுதிட்டேன்.

முதல்ல, பிளாக்ஃபுட்னா யாரு?

கனடாவோட ஆல்பர்ட்டாவுலயும் அமெரிக்காவோட மொன்டானாவுலயும் இருக்கிற பழங்குடி மக்கள். நாலு பிரிவு. சிக்ஸிகா, கைனாய், பிகானி, இந்த மூணும் கனடா பக்கம். மொன்டானால பிரவுனிங் ஊரைச் சுத்தி இருக்கிறவங்களுக்கு பிளாக்ஃபீட்னு பேரு, அவங்களும் பிகானிதான், எல்லைக்கோடு நடுவுல வந்து விழுந்ததால தெற்கு பிகானி ஆயிட்டாங்க. கைனாய் ரிசர்வ்தான் பரப்பளவுல கனடாவிலேயே பெருசு. அவங்க மொழில தங்களை நிட்ஸிடாபின்னு சொல்லிக்குவாங்க, உண்மையான மக்கள்னு அர்த்தம். கனடா பக்கம் இருக்கிறவங்க 1877ல பிளாக்ஃபுட் கிராசிங்ங்கிற இடத்துல ட்ரீட்டி 7ங்கிற ஒப்பந்தத்துல அரசாங்கத்தோட கையெழுத்து போட்டாங்க, அந்த இடம் சிக்ஸிகாவுலதான் இருக்கு.

இந்தப் பெண்களுக்கு "எம்பவர்மென்ட்" குடுக்கிறதுன்னா என்ன?

குடுக்கிறதுங்கிற வார்த்தையே எனக்கு கொஞ்சம் இடிக்குது. ஏன்னா அவங்ககிட்ட இருந்த ஒண்ணைத்தான் பிடுங்கினாங்க, இப்ப அதைத் திருப்பி எடுத்துக்கிறாங்க, அவ்ளோதான்.

பழைய காலத்துல டீப்பி கூடாரம் பெண்ணோட சொத்து. தோலைப் பதப்படுத்தி, தைச்சு, நிறுத்தி, பிரிச்சு அடுத்த ஊருக்குக் கொண்டுபோறது வரைக்கும் எல்லாம் அவங்க கையில, அதனால வீடு அவங்களுது. ஓக்கான்னு ஒரு சடங்கு இருக்கு, வெளில சன் டான்ஸ்னு சொல்லுவாங்க, வருஷத்துலேயே பெரிய சடங்கு அதுதான், அதை எடுத்து நடத்த ஒரு பெண் வேணும். வீட்ல யாருக்காவது உடம்பு முடியாம போச்சுன்னா, பொழைச்சா ஓக்கான் நடத்துறேன்னு அந்த அம்மா நேர்ந்துக்குவாங்க. நம்ம நேர்த்திக்கடன் மாதிரியேதான், எனக்கு அதைக் கேட்டப்ப சமயபுரம் போற எங்க அத்தை ஞாபகம் வந்துச்சு. அவங்க இல்லாம அந்தச் சடங்கு கிடையாது, ஆம்பளைங்க எவ்ளோ பெரிய வீரனா இருந்தாலும் சரி. கைனாய்ல மோட்டோகிக்ஸ்னு பெண்களுக்கே தனியா ஒரு சங்கம், எருமைப் பெண்கள் சங்கம்னும் சொல்லுவாங்க (இங்க எருமைன்னா நம்ம ஊர் எருமை இல்ல, பைசன்), அது இன்னைக்கும் இருக்கு.

ஆஸ்கர் லூயிஸ்னு ஒரு மானுடவியல் ஆளு பிகானிங்ககிட்ட போய் இருந்துட்டு 1941ல ஒரு கட்டுரை எழுதினாரு. அங்க சில பெண்களை "ஆம்பளை மனசுக்காரி"ன்னு ஊர்ல சொல்றாங்க, சொந்தமா சொத்து வச்சிருப்பாங்க, கூட்டத்துல பயப்படாம பேசுவாங்க, வேலைல யாருக்கும் சளைச்சவங்க இல்லன்னு எழுதியிருக்காரு. அந்தப் பேர் நமக்கு ஒரு மாதிரி இருக்கலாம், ஆனா அங்க அது வசவு கிடையாது, கொஞ்சம் பயம் கலந்த மரியாதை.

வரலாற்றுல பேர் சொல்ற மாதிரி யாராவது உண்டா?

நிறைய. எனக்குப் பிடிச்சவங்க ரெண்டு பேரை மட்டும் சொல்றேன்.

பிடாமகன், ஓடும் கழுகுன்னு அர்த்தம், பிகானி பெண். சின்ன வயசுல வேற பேரு. அப்பா அம்மா போனதுக்கு அப்புறம் தம்பி தங்கச்சிகளை வளர்த்தாங்க, வேட்டைக்குப் போனாங்க, சண்டைக்கும் போனாங்க, ஆம்பளைங்களுக்கு மட்டுமே குடுக்கிற மாதிரி ஒரு வீரப் பேரை ஊரே இவங்களுக்குக் குடுத்துச்சு. கிளேசியர் நேஷனல் பார்க்ல டூ மெடிசின் பக்கம் ஒரு அருவிக்கு இவங்க பேருதான்.

இன்னொருத்தர் நடாவிஸ்டா, கைனாய். 1840 வாக்குல அலெக்சாண்டர் கல்பர்ட்சன்னு ஒரு ஃபர் வியாபாரியைக் கட்டிக்கிட்டாங்க. வெள்ளைக்காரங்களுக்கும் பிளாக்ஃபுட்காரங்களுக்கும் நடுவுல பேசி சண்டை வராம பாத்துக்கிட்டதுல இவங்க பங்கு ரொம்பப் பெருசு. புருஷன் பேரு புத்தகங்கள்ல பெருசா இருக்கும், இவங்க ஓரமா ஒரு வரில இருப்பாங்க, வழக்கமான கதைதான். கடைசில ஜனங்ககிட்டயே திரும்பி வந்துட்டாங்க.

அப்படி இருந்தவங்ககிட்டேர்ந்து எப்படிப் போச்சு?

ஒரே நாள்ல போகல. அம்மை நோய், எருமைகள் அழிஞ்சது, அப்புறம் சட்டம். இந்த மூணாவதுதான் பெண்களை மட்டும் பாத்து அடிச்சது.

1870 ஜனவரி 23ல மொன்டானாவுல மரியாஸ் ஆத்தங்கரைல அமெரிக்க ராணுவம் ஒரு பிகானி முகாமைச் சுட்டுத் தள்ளிச்சு. அவங்க தேடி வந்தது வேற முகாம். செத்தவங்க ஏறக்குறைய 200 பேர், பெரும்பாலும் பெண்கள், குழந்தைங்க, வயசானவங்க, ஏன்னா ஆம்பளைங்க பல பேர் வேட்டைக்குப் போயிருந்தாங்க. 1883-84 குளிர்காலத்துல எருமையும் இல்ல, அரசாங்கம் தர்றதா சொன்ன ரேஷனும் வரல, மொன்டானா பக்கம் சுமார் 600 பேர் பட்டினில செத்தாங்க. அவங்களைப் புதைச்ச மேட்டுக்கு கோஸ்ட் ரிட்ஜ்னு பேரு. இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

கனடா பக்கம் 1876ல இந்தியன் ஆக்ட் (நம்ம இந்தியாவுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, கொலம்பஸ் பண்ண குழப்பம்). அதுல ஒரு விதி, பழங்குடிப் பெண் வெளி ஆளைக் கட்டிக்கிட்டா அவ பழங்குடியே இல்லன்னு ஆயிடும். ரிசர்வ்ல வீடு கிடையாது, செத்தா அங்க புதைக்கக்கூட உரிமை கிடையாது. ஆனா ஆம்பளை வெளில பொண்ணு எடுத்தா அந்த வெள்ளைக்காரப் பொண்ணு சட்டப்படி பழங்குடி ஆயிடுவா! இதை 1985ல பில் சி-31 வந்துதான் மாத்தினாங்க, அதுவும் முழுசா இல்ல, 2011லயும் 2017லயும் திரும்பத் திரும்ப ஒட்டுப் போட்டாங்க. ரிசர்வோட கவுன்சில் தேர்தல்ல பெண்கள் ஓட்டுப் போட முடிஞ்சதே 1951லேர்ந்துதான். வீட்டுக்கும் சடங்குக்கும் சொந்தக்காரியா இருந்தவ, அவ ஊர்த் தேர்தல்லயே ஓட்டுப் போட முடியாதவளா ஆயிட்டா.

இதுக்கு மேல ரெசிடென்ஷியல் ஸ்கூல். குழந்தையைப் பிடுங்கிட்டுப் போய் முடியை வெட்டி, சொந்த பாஷை பேசினா அடி. இதுல எனக்குப் பெரிய இழப்பா தெரியறது என்னன்னா, பாட்டி சொல்லி பேத்தி கேக்கிற அந்த இடமே காலியாயிடுச்சு. கேக்க வேண்டிய வயசுல பேத்தி ஹாஸ்டல்ல இருந்தா.

சரி, கதை சொல்றதால என்ன ஆயிடப்போகுது? மனசு லேசாகும், அவ்ளோதானே?

இதைத்தான் எல்லாரும் கேக்கறீங்க, அதனால இதுக்கு கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

மொதல்ல ஒரு பழைய கதை. ஊரே பட்டினி, எருமை கண்ணுலேயே படல. விறகு பொறுக்கப் போன ஒரு பெண்ணுக்கு எங்கேயோ பாட்டு கேக்குது. தேடிப் பாத்தா ஒரு கல்லு. அது அவளுக்குப் பாட்டைச் சொல்லிக் குடுக்குது, இதைப் போய் உன் ஜனங்களுக்குக் கத்துக்குடுன்னு சொல்லுது. அவ போய்ப் பாடினா, எருமை திரும்பி வந்துச்சு. இனிஸ்கிம்னு அந்தக் கல்லுக்குப் பேரு, பல சமயம் அது அம்மோனைட் மாதிரி ஒரு ஃபாசிலா இருக்கும். கேட்ட விஷயத்தைத் தனக்குள்ள வச்சுக்காம சொன்னதாலதான் ஊர் பொழைச்சது. இந்த ஜனங்களுக்கு பொண்ணு வாயைத் திறக்கிறதுங்கறது சோத்து விஷயம்.

இப்ப நெஜமா நடந்தது. எலோயிஸ் கோபெல், 1945ல பிறந்த பிளாக்ஃபீட் பெண், மொன்டானா. கரண்ட் இல்லாத, குழாய்த் தண்ணி இல்லாத வீட்ல வளந்தாங்க. வீட்ல பெரியவங்க பேசிக்கிறதைக் கேட்டுக்கிட்டே இருப்பாங்க: நம்ம நெலத்துல எண்ணெய் எடுக்கிறான், மாடு மேய்க்கிறான், ஆனா நமக்கு வர்ற செக் எங்க, ஏன் இவ்ளோ கம்மி, ஏன் இந்தத் தடவை வரவே இல்ல. என்ன ஏற்பாடுன்னா 1887ல ஒரு சட்டம் போட்டு பழங்குடி நெலத்தைத் துண்டு துண்டா பிரிச்சு ஆளுக்கு ஒண்ணா குடுத்துட்டு, அதுலேர்ந்து வர்ற குத்தகைக் காசை "நாங்க பாத்துக்கறோம்"னு அரசாங்கமே வாங்கி வச்சுக்கிச்சு. கணக்கு? ஒழுங்கா ஒரு கணக்கும் கிடையாது.

எல்லார் வீட்லயும் இந்தப் புலம்பல் இருந்துச்சு. கோபெல் பண்ணது அந்தப் புலம்பலை எண்ணா மாத்தினது. அக்கவுண்டிங் படிச்சு, பழங்குடி அரசோட பொக்கிஷதாரர் ஆகி, அதிகாரிங்களைக் கேள்வி கேட்டா, உனக்குக் கணக்கு அறிக்கை படிக்கத் தெரியலன்னு பதில் வருது. இந்த அம்மா யாருன்னு அவங்களுக்குத் தெரியல. பிரவுனிங்ல இருந்த ஒரே பேங்க்கும் மூடிட்டாங்கன்னு 1987ல ஒரு பேங்க்கையே ஆரம்பிச்சாங்க, ரிசர்வ்ல ஒரு பழங்குடி இனத்துக்குச் சொந்தமான முதல் நேஷனல் பேங்க் அதுதான். 1996ல அமெரிக்க அரசாங்கத்து மேல கேஸ் போட்டாங்க. 1997ல மக்கார்தர் ஃபெலோஷிப்னு பெரிய பரிசுத்தொகை கிடைச்சப்ப அந்தக் காசையும் கேஸுக்குள்ளதான் போட்டாங்க. 1999ல ஜட்ஜ் உள்துறைச் செயலரையும் நிதிச் செயலரையும் கோர்ட் அவமதிப்புன்னு சொன்னாரு, ஏன்னா கேட்ட ஆவணத்தைக் குடுக்கல. 13 வருஷம் இழுத்து 2009ல 340 கோடி டாலருக்கு சமரசம்.

தெரு முழுக்க பட்டாசு வெடிச்ச மாதிரி நினைச்சுக்காதீங்க. பல பேருக்குத் தலைக்கு ஆயிரம் டாலர் கணக்குலதான் வந்துச்சு, இதுக்கா இவ்ளோன்னு கோவப்பட்டவங்க பழங்குடி மக்கள்லயே உண்டு. சேர வேண்டியதை விட இது ரொம்பக் கம்மின்னு கோபெலே ஒத்துக்கிட்டாங்க, ஆனா காத்துக்கிட்டு இருக்கிற வயசானவங்க ஒவ்வொருத்தரா செத்துக்கிட்டு இருக்காங்கன்னுதான் கையெழுத்து போட்டாங்க. 2011ல அவங்களே கேன்சர்ல போயிட்டாங்க, 65 வயசு. 2016ல ஒபாமா பிரசிடென்ஷியல் மெடல் ஆஃப் ஃப்ரீடம் குடுத்தாரு, வாங்கிக்க அவங்க இல்ல. சமரசத்துல ஒரு பங்கு பழங்குடிப் பிள்ளைங்க காலேஜ் படிப்புக்குப் போற மாதிரி வச்சிருந்தாங்க, அந்த ஸ்காலர்ஷிப் இப்பவும் அவங்க பேர்லதான் ஓடுது.

ஏன் இவ்ளோ பிடிவாதம்னு கேட்டவங்களுக்கு அவங்க சொன்ன இடம் கோஸ்ட் ரிட்ஜ். பட்டினில செத்தவங்க கதையைக் கேட்டு வளந்த பொண்ணு அவங்க. கதை கேட்டா மனசு லேசாகும்னு நினைக்கிறவங்களுக்கு நான் இதைத்தான் சொல்லுவேன், சில சமயம் மனசு கனமாகும், அந்தக் கனத்துலதான் 13 வருஷம் கேஸ் நடத்த முடிஞ்சது.

ஜெயிச்ச கதையை மட்டும் சொன்னா போதாதா, எதுக்கு சோகத்தையெல்லாம் கிளறணும்?

ஜெயிச்சதை மட்டும் சொன்னா கேக்கிற பொண்ணு "அவங்களுக்கு முடிஞ்சது, நமக்கு எங்க"ன்னு எழுந்து போயிடும். எந்த இடத்துல விழுந்தாங்க, யார் தூக்கிவிட்டாங்கங்கிறதுதான் அதுக்கு வேணும்.

கைனாய்ல 2015ல ஃபென்டனில் போதையால வரிசையா சாவு, உள்ளூர் அவசர நிலை அறிவிச்சாங்க. எஸ்தர் டெயில்ஃபெதர்ஸ் அந்த ஊர்ப் பொண்ணு, டாக்டர். குடியோ போதையோ முழுசா விட்டாத்தான் ட்ரீட்மென்ட்னு ஊர்ல ஊறிப்போன எண்ணம் ஒரு பக்கம், மொதல்ல உயிரோட இருக்கட்டும் அப்புறம் மத்ததுன்னு இவங்க ஒரு பக்கம். நலோக்சோன் மருந்தை ஜனங்க கையிலயே குடுத்தாங்க, மூச்சு நிக்கப் போறவனை எழுப்புற மருந்து. இவங்க பொண்ணு எல்-மாயா டெயில்ஃபெதர்ஸ் சினிமா எடுக்கிறவங்க, அம்மாவோட ஊர் இந்தக் கஷ்டத்தை எப்படி எதிர்கொள்ளுதுன்னு 2021ல ஒரு டாக்குமென்டரி பண்ணாங்க, அதோட பேரு கிம்மாபியிபிட்சினி, ஒருத்தருக்கொருத்தர் இரக்கம் காட்டுறதுங்கிற மாதிரி அர்த்தம். அதுல போதைல இருக்கிறவங்களும் பேசறாங்க, மீண்டவங்களும் பேசறாங்க. யாரையும் பாவப்பட்ட ஜென்மமா காட்டல, அதுதான் எனக்குப் பிடிச்சது.

காணாம போற பெண்கள்னு செய்தி வருதே, அதுவும் இவங்கதானா?

இவங்களும்தான். கனடாவுல காணாமல் போன, கொல்லப்பட்ட பழங்குடிப் பெண்கள் பத்தி தேசிய விசாரணை நடந்து 2019 ஜூன்ல அறிக்கை வந்துச்சு, 231 பரிந்துரை. அந்த விசாரணைல பெரிய பங்கு குடும்பத்து ஆளுங்க வந்து உக்காந்து கதை சொன்னதுதான். அதுக்கு முன்னாடி போலீஸ் ஸ்டேஷன்ல "ஓடிப்போயிருக்கும், ரெண்டு நாள்ல வரும்"னு சொல்லி அனுப்பிடுவாங்க. மே 5ம் தேதி சிவப்பு டிரஸ்ஸை மரத்துல, வேலில தொங்க விட்டிருக்கிறதைப் பாத்திருப்பீங்க, இதுக்காகத்தான்.

மொன்டானா பக்கம் இன்னொரு சிக்கல், ரிசர்வ்ல ஒரு பொண்ணு காணாம போனா பழங்குடி போலீஸா, எஃப்பிஐயா, கவுண்ட்டி ஷெரிஃபா, யார் தேடணும்னு முடிவு பண்றதுக்குள்ளயே நாள் ஓடிடும். பிரவுனிங்ல ஒரு பாக்சிங் கிளப் இருக்கு, பொண்ணுங்களுக்கு அங்க கத்துக்குடுக்கிறது மெடல் வாங்க மட்டும் இல்ல, யாராவது கையைப் பிடிச்சா உதறிட்டு வீட்டுக்கு வந்து சேரணும், அதுக்கு.

பாட்டிங்க சொல்ற கதைன்னா ராஜா ராணி கதை மாதிரியா?

நாபின்னு ஒரு கோமாளித்தனமான பழைய ஆளு பண்ற கூத்தெல்லாம் உண்டு, விழுந்து விழுந்து சிரிக்கலாம். ஆனா பெண்களுக்குள்ள போற கதை பாதிக்கு மேல வேலை பத்தினது. தோலை எப்படிப் பதப்படுத்துறது, சர்விஸ்பெர்ரிப் பழத்தை எப்போ பறிச்சுக் காயவைக்கிறது, எந்த உறவுக்காரர்கிட்ட எப்படிப் பேசணும், மாமியார் எப்படிக் கொடுமை பண்ணா. 1980ல பெவர்லி ஹங்ரி வுல்ஃப்ங்கிற கைனாய் பெண் அவங்க பாட்டிங்க சொன்னதையெல்லாம் சேர்த்து புத்தகமாவே போட்டாங்க. அவங்களும் ஸ்கூல்ல இதெல்லாம் ஒண்ணுத்துக்கும் ஆகாதுன்னு கத்துக்குடுக்கப்பட்டவங்கதான், பெரியவளானதுக்கு அப்புறம் போய் உக்காந்து கேட்டாங்க. சமையல் குறிப்பும் சரித்திரமும் ஒரே பக்கத்துல வரும்.

பாஷை போயிட்டா கதையும் போயிடும்ல?

பாதி போயிடும். சரளமா பேசறவங்க பெரும்பாலும் வயசானவங்க. அதனாலதான் 1987ல பிரவுனிங்ல பிகான் இன்ஸ்டிடியூட் ஆரம்பிச்சாங்க, ஆரம்பிச்சவங்கள்ல டாரோதி ஸ்டில் ஸ்மோக்கிங்னு ஒரு அம்மா உண்டு. அப்புறம் முழுக்க பிளாக்ஃபுட் மொழிலயே நடக்கிற ஸ்கூலும் வந்துச்சு. சிக்ஸிகாவுல பழைய ரெசிடென்ஷியல் ஸ்கூல் கட்டடத்துலயே இன்னைக்கு ஓல்ட் சன் காலேஜ் நடக்குது, எந்தச் சுவத்துக்குள்ள பேசினா அடிச்சாங்களோ அங்கயே இப்ப மொழி வகுப்பு.

நடிகை லில்லி கிளாட்ஸ்டோன் 2024 ஜனவரில கோல்டன் குளோப் வாங்கினப்ப மேடைல மொதல்ல பிளாக்ஃபுட்லதான் பேசினாங்க. பிளாக்ஃபீட் ரிசர்வ்ல வளந்தவங்க. பாஷை எப்படித் தெரியும்னும் அங்கயே சொன்னாங்க, அவங்க அம்மா பிளாக்ஃபீட் கிடையாது, ஆனாலும் வகுப்புல இந்த மொழியைக் கொண்டுவர அவ்ளோ பாடுபட்டாங்களாம். பழைய ஹாலிவுட் படங்கள்ல பழங்குடி நடிகர்களை இங்கிலீஷ்ல பேசவச்சு அந்தச் சத்தத்தைத் தலைகீழா ஓட்டி "பழங்குடி மொழி"ன்னு காட்டுவாங்கன்னும் சொன்னாங்க. எனக்கு அந்த அவார்டை விட, ஒரு ஸ்கூல் டீச்சர் கத்துக்குடுத்தது அங்க வந்து நின்னுச்சேங்கிறதுதான் பெருசு.

பெண்கள் கதை பேசற இந்தக் கூட்டத்துக்கு ஆம்பளைங்க வரலாமா?

சிலதுக்கு வரலாம், சிலதுக்குக் கூடாது. கோவிச்சுக்கக் கூடாது.

நான் போய்க் கேக்கலாமா? கேட்டதை வெளில சொல்லலாமா?

எல்லாக் கதையும் எல்லாருக்கும் இல்ல. சடங்கோட சேர்ந்த கதைகளுக்கு உரிமை உண்டு, அதை முறைப்படி ஒருத்தர் இன்னொருத்தருக்கு மாத்திக் குடுக்கணும், அப்புறம்தான் அவங்க சொல்லலாம். காப்பிரைட்னு நாம சொல்றதுக்கு ரொம்ப முன்னாடியே அவங்க இதை வச்சிருந்தாங்க. மூத்தவங்ககிட்ட ஒண்ணு கேக்கப் போனா புகையிலை கொண்டுபோய்க் குடுத்துட்டுக் கேக்கிறது வழக்கம். ஃபோனை எடுத்து ரெக்கார்ட் பண்ணாதீங்க, கேட்டுட்டுப் பண்ணுங்க. ஒரு பெண் தன் வாழ்க்கைல நடந்ததைச் சொன்னா அது அவங்களோடது, நீங்க ஊருக்கு வந்து "எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா"ன்னு ஆரம்பிக்காதீங்க. நானும் அதனாலதான் இங்க வெளில ஏற்கெனவே தெரிஞ்ச பேருங்களை மட்டும் சொல்லியிருக்கேன், நேர்ல கேட்டது எதையும் எழுதல.

சும்மா போய்ப் பாக்கணும்னா பிளாக்ஃபுட் கிராசிங்ல அவங்களே நடத்துற மியூசியம் இருக்கு. ஃபோர்ட் மக்லாய்ட் பக்கத்துல ஹெட்-ஸ்மாஷ்ட்-இன் பஃபலோ ஜம்ப், எருமைகளை மேட்டுலேர்ந்து விழவச்சு வேட்டையாடின இடம், 1981லேர்ந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு, அங்க பிளாக்ஃபுட் கைடுங்க இருப்பாங்க, போர்டைப் படிச்சுட்டு ஓடாம அவங்களைப் பேச விடுங்க. போனதும் "ஓக்கி"ன்னு சொல்லுங்க, வணக்கம் மாதிரி. மணி வேலைப்பாடு ஏதாவது வாங்கினா பேரம் பேசாதீங்க, ஒரு ஜோடி தோடு பண்றதுக்கே எவ்ளோ நேரம் ஆகும்னு உக்காந்து பாத்தா தெரியும்.